கண் பாதி, மனம் பாதி

(தோட்டக் குடும்பங்களுக்கான கூட்டமொன்றில் நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)



வழக்கமாக இப்படிக் கூடும்போது தண்ணீர், மலசலகூடம், பிள்ளைகளின் நிறை என்று கண்ணுக்குத் தெரிகிற விஷயங்களைப் பேசுவோம். இன்று பேசப்போவது கண்ணுக்குத் தெரியாத ஒன்று. ஆனால் கண்டி ஆஸ்பத்திரி வரிசையிலும், பிரதேச செயலகத்திலும், பாடசாலையிலும், நம்ம காம்பராவுக்குள்ளேயும் தினம் தினம் அது வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. ஒரு மனிதன் ஒன்றைப் பார்க்கும் முன்பே அவன் மனதுக்குள் தயாராக இருக்கிற அச்சைத்தான் சொல்கிறோம். உளவியல் படித்தவர்கள் இதற்கு ஸ்கீமா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நமக்கு இடியப்ப உரல் தெரியும். சிவப்பு அரிசி மாவைப் போட்டாலும் கோதுமை மாவைப் போட்டாலும், அச்சில் ஓட்டை எப்படியோ அப்படித்தான் கீழே விழும். மனதும் கிட்டத்தட்ட அப்படித்தான். கண் மாவைக் கொண்டுவந்து போடுகிறது, மனம் பிழிந்து கொடுக்கிறது.

இது பெரிய படிப்பு விஷயமாச்சே, நமக்கெதுக்கு என்று யாரும் நினைக்க வேண்டாம். இந்த விஷயத்தில் இங்கே உட்கார்ந்திருக்கிற அக்காமார்தான் முதல் தரமான நிபுணர்கள். எப்படி என்று கேளுங்க.

மலையில் நிரை பிடித்து நிற்கிற ஒரு அக்காவின் கையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். இரண்டு இலையும் ஒரு மொட்டும் எது, முற்றின இலை எது, வளர்ச்சி நின்றுபோன குருத்து எது, அடுத்த சுற்றுக்கு விட வேண்டியது எது என்று ஒவ்வொன்றாக நின்று யோசித்தா அவர் பறிக்கிறார்? அப்படி யோசித்தால் அன்றைக்குக் கிலோ வந்த மாதிரிதான். மூத்த மகளின் கல்யாணத்தைப் பற்றிப் பக்கத்து நிரைக்காரியோடு பேசிக்கொண்டே கை தானாக ஓடுகிறது. கொழும்பிலிருந்து ஒருவரைக் கூட்டிவந்து அதே நிரையில் நிறுத்துங்கள். அவருக்கு எல்லாமே பச்சை. அக்காவுக்கு அந்தப் பச்சைக்குள் நூறு விதம் தெரிகிறது. கண் இருவருக்கும் ஒன்றுதான். பல வருஷ வேலையில் மனதுக்குள் விழுந்த அச்சு ஒருவரிடம் இருக்கிறது, மற்றவரிடம் இல்லை. ஆகவே அச்சு என்றாலே கெட்டது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அது இல்லாமல் ஒரு நாள் பேர் கூடப் போட முடியாது.

ஆனால் அதே அச்சு மறைக்கவும் செய்கிறது. கொழுந்தையே தேடிப் பழகின கண்ணுக்கு, இரண்டடி தள்ளி மரத்தில் தொங்குகிற குளவிக்கூடு தெரியாமல் போய்விடுகிறது. எத்தனை தோட்டத்தில் எத்தனை பேரைக் குளவி கொட்டி லொறியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறோம். அவர்கள் கவனமில்லாதவர்கள் அல்ல. கவனம் முழுக்க வேறொன்றில் இருந்தது.

இந்த அச்சு எப்போது விழ ஆரம்பிக்கிறது? பிள்ளை மடுவத்திலேயே ஆரம்பித்துவிடுகிறது. ஒன்றரை வயதுப் பிள்ளை லயத்துப் பின்பக்கம் கட்டியிருக்கிற ஆட்டைப் பார்த்து ‘மே’ என்று சொல்லப் பழகும். பிறகு பசுவைக் கண்டாலும் ‘மே’, நாயைக் கண்டாலும் ‘மே’. நாம் சிரிக்கிறோம். அந்தப் பிள்ளை தன்னிடமுள்ள ஒரே அச்சுக்குள் நாலு கால் உள்ளதையெல்லாம் போட்டுப் பார்க்கிறது. நாய் குரைத்த பிறகுதான் ‘இது வேற’ என்று இன்னொரு அச்சைச் செய்துகொள்கிறது. சுவிட்சர்லாந்து தேசத்து பியாஜே என்ற அறிஞர் பிள்ளைகளோடு உட்கார்ந்து இதையெல்லாம் கவனித்து எழுதினார். புதியதைப் பழைய அச்சுக்குள் தள்ளுவது ஒன்று, புதியதற்காக அச்சையே திருத்துவது மற்றொன்று, பிள்ளை இரண்டையும் மாறி மாறிச் செய்துதான் வளர்கிறது என்றார். பெரியவர்களான நாம் முதலாவதோடு நிறுத்திக்கொள்ளத்தான் பார்க்கிறோம். அது சுகமான வேலை.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நம்ம பெரியவர்கள் சொன்னது இதைத்தான். இருட்டில் நிற்பது கித்துள் மரமா பேயா என்பதைக் கண் தீர்மானிக்கவில்லை.

இனி, பார்ப்பதில் மட்டும் அல்ல, கேட்பதிலும் சொல்வதிலும் இதே கதைதான். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பார்ட்லட் என்று ஒரு பேராசிரியர் இருந்தார். 1932இல் அவர் எழுதிய புத்தகத்தில் ஒரு சோதனை வருகிறது. வட அமெரிக்கப் பழங்குடி மக்கள் சொல்லுகிற பேய்களின் போர் பற்றிய கதை ஒன்றை ஆங்கிலேயருக்கு வாசிக்கக் கொடுத்தார். பிறகு ஞாபகத்திலிருந்து எழுதச் சொன்னார். நாள் போகப் போகத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னார். கதையில் ஆட்கள் ஆற்றங்கரைக்குச் சீல் என்ற கடல் மிருகத்தை வேட்டையாடப் போகிறார்கள். திருப்பிச் சொன்னவர்களில் பலர் அதை மீன் பிடிக்கப் போனார்கள் என்று ஆக்கிவிட்டார்கள். மரத்தைக் குடைந்த ஓடம் சாதாரணப் படகு ஆயிற்று. தங்களுக்கு விளங்காத பேய் சமாசாரம் மெல்ல மெல்லத் தேய்ந்தே போயிற்று. இவர்கள் ஒருவரும் பொய் சொல்லவில்லை பாருங்க. உண்மையாகவே அப்படித்தான் ஞாபகம் இருந்தது. விளங்காததை விட்டு, விளங்கினதை வைத்து, இடையில் ஓட்டை விழுந்த இடத்தில் தமக்குத் தெரிந்ததைப் போட்டு நிரப்பிவிட்டார்கள்.

இது நம்ம தோட்டத்தில் நடக்காததா? காலையில் ஒரு தாய் பிள்ளைக்குத் தடுப்பூசி போட்டுக்கொண்டு வருகிறார். இரவு பிள்ளைக்குக் கொஞ்சம் காய்ச்சல். ஊசி போட்டால் ஒரு நாள் இரண்டு நாள் காய்ச்சல் காய்வது பல பிள்ளைகளுக்கு வருகிறதுதான், மருத்துவிச்சியும் சொல்லித்தான் அனுப்புகிறார். மறுநாள் பெரட்டுக் களத்தில் இந்தச் செய்தி, ‘ஊசி போட்டாங்க, புள்ளைக்குக் காய்ச்சல்’. பத்து மணிக்கு மலையில், ‘ஊசியாலதான் காய்ச்சலாம், புள்ள கண்ணே முழிக்கலயாம்’. மத்தியானம் கொழுந்து நிறுக்கிற இடத்துக்கு வரும்போது, ‘மாத்தி வேற ஊசியப் போட்டுட்டாங்களாம்’. பின்னேரம் மேட்டு லயத்தில் மூன்று தாய்மார் அடுத்த கிளினிக்குக்குப் போகிறதில்லை என்று முடிவு செய்துவிடுகிறார்கள். நடுவில் யாரும் வேண்டுமென்று ஒரு சொல் கூட்டவில்லை. ஊசி என்றால் பயம் என்ற அச்சு எல்லாரிடமும் இருந்தது, செய்தி அதற்குள் போய் வந்தது, அவ்வளவுதான். மூன்று பிள்ளைகளுக்கு ஊசி தவறிவிட்டது.

இதைவிட மனதை உறுத்துகிற ஒரு சோதனை இருக்கிறது. அமெரிக்காவில் ஆல்போர்ட், போஸ்ட்மன் என்ற இருவர் வதந்தி எப்படிப் பரவுகிறது என்று ஆராய்ந்து 1947இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். அதில் ஒரு படம் வருகிறது. ரயில் பெட்டிக்குள் சிலர். ஒரு வெள்ளைக்காரனும் ஒரு கறுப்பினத்தவரும் நின்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். வெள்ளைக்காரன் கையில் திறந்த சவரக்கத்தி. முதலாமவர் படத்தைப் பார்த்து, படம் பார்க்காத இரண்டாமவருக்குச் சொல்வார். அவர் மூன்றாமவருக்கு, இப்படியே கடைசி ஆள் வரைக்கும். இதைப் பல கூட்டத்தாரிடம் செய்து பார்த்தார்கள். பாதிக்கு மேற்பட்ட தடவைகளில் எங்கேயோ ஓரிடத்தில் கத்தி கறுப்பினத்தவர் கைக்குப் போய்விட்டது. படத்தில் கத்தி அசையவே இல்லை. சொன்னவர்கள் மனதில் ‘கத்தி வைத்திருப்பவன் இவனாகத்தான் இருக்கும்’ என்ற அச்சு இருந்தது.

அந்த ரயில் பெட்டியை எடுத்துவிட்டு, நம்ம பக்கத்து ஏதாவது ஒரு டவுன் பஸ் நிலையத்தை வையுங்கள். ஒரு அம்மாவின் பை காணாமல் போகிறது. பக்கத்தில் நாலு பொடியன்மார் நிற்கிறார்கள். அதில் ஒருவன் தோட்டத்திலிருந்து வேலை தேடி வந்தவன். மிச்சத்தை நாங்கள் சொல்லத் தேவையில்லை, இங்கே இருக்கிற பல தாய்மாருக்கு அது தெரியும். கண்டியில் கடை வேலைக்குப் போகிற நம்ம பிள்ளைகளில் சிலர் ‘எந்த ஊர்?’ என்று கேட்டால் ‘கண்டி’ என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறார்கள். தோட்டத்தின் பெயரைச் சொல்வதில்லை. அவர்களைக் கோபிக்க வேண்டாம். தோட்டத்தின் பெயரைச் சொன்னவுடன் எதிரில் இருப்பவர் முகத்தில் ஒரு அச்சு வந்து விழுகிறதை அந்தப் பிள்ளை கண்ணால் கண்டிருக்கிறது.

அந்த அச்சு வானத்திலிருந்து விழவில்லை. அதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

கண்டிச் சுற்றுவட்டத்தில் 1820களில் கோப்பித் தோட்டங்கள் ஆரம்பமாயின. தென்னிந்தியாவிலிருந்து நம்ம முன்னோர் மன்னார்ப் பக்கமாக இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்து வந்தார்கள். வழியில் இறந்தவர்களுக்குக் கணக்கில்லை. 1840இல் வெள்ளைக்கார அரசாங்கம் ஒரு சட்டம் போட்டது. உறுதிப் பத்திரம் காட்ட முடியாத காட்டு நிலமும் தரிசு நிலமும் முடிக்குச் சொந்தம் என்றது அந்தச் சட்டம். கண்டிக் கிராமத்து மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சேனைப் பயிர் செய்த, மாடு மேய்த்த மேட்டு நிலமெல்லாம் இப்படிப் போய், தோட்டக்காரர் கைக்கு மலிவு விலையில் வந்தது. நிலத்தைப் பறிகொடுத்த கிராமத்தான் மேலே நிமிர்ந்து பார்த்தபோது அங்கே யார் தெரிந்தார்? சட்டம் போட்டவர் தெரியவில்லை. அவர் கச்சேரியில் இருந்தார். மண்வெட்டியோடு நின்ற நம்ம பாட்டன்தான் தெரிந்தார். அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது, முகவரிதான் பிழை.

பேசிப் பழகியிருந்தால் தீர்ந்திருக்கும். அதற்கும் வழியில்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா, கங்காணியின் கடன், அவர் துண்டு தந்தால் ஒழிய வேறு தோட்டத்துக்குப் போக முடியாத கட்டு. அந்தத் துண்டு முறை 1921இல்தான் ஒழிந்தது. மொழியும் வேறு. கூப்பிடு தூரத்தில் இருந்த கிராமமும் லயமும் ஒன்றை ஒன்று அறியாமல் நூறு வருஷம் இருந்தன. அறியாத இடத்தில்தான் அச்சு நன்றாக இறுகும்.

பிறகு காகிதத்திலும் அச்சு ஏறியது. 1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில்தான் இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்று வேறு வேறாக எண்ணத் தொடங்கினார்கள். 1948இல் வந்த பிரஜாவுரிமைச் சட்டம் நம்மில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. அடுத்த வருஷமே வாக்கும் போயிற்று. 1964 ஒக்டோபரில் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம். ஒன்பது இலட்சத்து எழுபத்தையாயிரம் பேர் என்று எண்ணி, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று வைத்தார்கள். அந்த மீதியையும் 1974இல் ஆளுக்குப் பாதி பிரித்தார்கள். தேயிலைப் பெட்டியைப் பிரித்தாலாவது தரம் பார்ப்பார்கள். ‘நீ எங்கே இருக்க விரும்புகிறாய்’ என்று கேட்டு அந்தத் தொகைகளை முடிவு செய்யவில்லை. பாட்டி இங்கே, பேரன் அங்கே என்று பிரிந்த குடும்பங்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கும்.

கடைசியாக 2003இல் பாராளுமன்றம் சட்டம் போட்டு, மிஞ்சியிருந்த நாடற்ற நிலையைத் தீர்த்தது. சட்டப்படி அத்தோடு கதை முடிந்தது. ஆனால் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறவர் மனதில் உள்ள அச்சுக்கு வர்த்தமானி அறிவித்தல் போகவில்லையே. பாராளுமன்றத்தில் ஒரு நாளில் மாறுகிறது மனதில் மாற ஒரு தலைமுறை எடுக்கிறது. நம்ம பிள்ளைகள் இங்கே பிறந்து, இங்கே படித்து, கையில் அடையாள அட்டையோடு போய் நின்றாலும், ‘எங்கிருந்து வந்தீங்க?’ என்ற கேள்வி சில நேரம் பஸ்ஸைப் பற்றியதாக இருப்பதில்லை.

கெட்ட அச்சு மட்டும் அல்ல, அழகான அச்சும் மறைக்கும். தேயிலைப் பக்கெட்டைப் பாருங்கள். நெற்றியில் பொட்டு, முதுகில் கூடை, முகத்தில் சிரிப்பு, பின்னால் பச்சை மலை. உல்லாசப் பயணிகள் வேனை நிறுத்திப் படம் பிடிப்பதும் அதையேதான். இந்தப் படம் உலகம் முழுக்கப் போயிருக்கிறது. இதில் அட்டை இல்லை. மழையில் ஊறின படங்கு இல்லை. கூடைக்குப் பின்னால் இருக்கிற முதுகுவலி இல்லை. அந்தப் படத்தைப் பார்த்துப் பழகினவரிடம் லயத்தைப் பற்றிச் சொன்னால், நாம் ஏதோ கூட்டிச் சொல்கிறோம் என்றே நினைக்கிறார்.

ஹேவாஹெட்டைப் பக்கம் லூல்கந்துர தோட்டத்தில் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டார் என்று பாடப் புத்தகத்தில் பிள்ளைகள் படிக்கிறார்கள். ‘இலங்கையில் தேயிலை நட்டவர் யார்?’ என்று கேட்டால் பதிலுக்கு ஒரே ஒரு பெயர்தான். 19 ஏக்கரை ஒரு மனிதன் தனியாக வெட்டிக் குழி தோண்டி நடமுடியுமா என்று நம்ம பிள்ளைகள்கூடக் கேட்பதில்லை, பாருங்க. ‘நட்டவர்’ என்ற அச்சில் ஒரு ஆளுக்குத்தான் இடம் இருக்கிறது. டெய்லர் 1892இல் இறந்தபோது, உடம்பு பாரமான மனிதர், தோட்டத்திலிருந்து கண்டி வரைக்கும் 24 பேர், பன்னிரண்டு பன்னிரண்டு பேராக மாறி மாறிச் சுமந்துகொண்டு போனார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ‘சாமி துரை’ என்று சொல்லிக்கொண்டு தொழிலாளர் பின்னால் நடந்தார்களாம். கண்டி மஹய்யாவை மயானத்தில் அவருடைய கல்லறை இன்றும் இருக்கிறது, கல்லில் பெயரும் இருக்கிறது. டெய்லர் மேல் நமக்கு ஒரு குறையும் இல்லை. உழைப்பாளி, தோட்டத்திலேயே வாழ்ந்து முடிந்தவர். சுமந்த 24 பேரின் பெயர்தான் எந்தக் கல்லிலும் இல்லை.

2023இல், முன்னோர் வந்து இருநூறு வருஷம் ஆனதை நினைத்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நம்ம ஆட்கள் நடந்தார்கள். அவர்கள் நடந்தது எந்தப் பாதை என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். ‘நட்டவர் யார்’ என்ற கேள்விக்கு அப்போது இரண்டு பதில் கிடைக்கும்.

சரி, இவ்வளவு நேரம் மற்றவர்கள் மனதிலிருக்கிற அச்சைப் பற்றிப் பேசினோம். கேட்க இதமாகத்தான் இருந்தது, எல்லாரும் தலையாட்டினீர்கள். இப்போது நம்ம பக்கம் திரும்புவோம், கோபிக்கக் கூடாது.

‘அந்தக் கிராமத்து ஆளுங்களே இப்படித்தான்’ என்று எத்தனை முறை சொல்லியிருக்கிறோம்? ஒரு கிராமத்தான் கொழுந்து வாங்கிக் காசு தராமல் போனால் கிராமமே கெட்டது. இன்னொரு கிராமத்தான் இரவு பன்னிரண்டு மணிக்கு வயிற்றுப் பிள்ளைத்தாய்ச்சியைத் தன் திரீவீலரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால், ‘அவரு ஒருத்தரு நல்லவரு’. கெட்டதைச் செய்தால் கூட்டத்தின் குணம், நல்லதைச் செய்தால் தனி ஆளின் குணம். நம்மைப் பற்றி டவுனில் பேசுகிறவர்களும் இதே கணக்கைத்தான் போடுகிறார்கள்.

லயத்துக்கு லயம் இல்லையா? மேட்டு லயத்தான் அப்படி, பள்ளத்து லயத்தான் இப்படி. சில இடத்தில் இன்னும் எந்த வீட்டில் தண்ணி குடிப்பது, குடிக்காமல் வருவது என்பது வரைக்கும் இருக்கிறது. கங்காணி காலத்தில் ஆட்களைச் சாதி பார்த்துக் கொண்டுவந்து, சாதி பார்த்து லயம் பிரித்தார்கள். கங்காணி போய்விட்டார். சுவர் மட்டும் நிற்கிறது.

பெண்பிள்ளைகள் விஷயம் இன்னும் மோசம். கொழுந்து பறிக்கிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்களை மேய்க்கிற கங்காணியும் கணக்கப்பிள்ளையும் யார் என்று எண்ணிப் பாருங்கள். ஒரு பெண் கங்காணி ஆனால் ‘அவளுக்கு என்ன தெரியும்’ என்று முதலில் சொல்கிறவர்கள் பெண்களாகவே இருப்பதை நாங்கள் பல தோட்டத்தில் பார்த்திருக்கிறோம். கங்காணி என்றால் மீசை வேண்டும் போல.

படிப்புக்கு வருவோம். 1968இல் அமெரிக்காவில் ரொசென்தால், ஜேகப்சன் என்ற இருவர் ஒரு ஆரம்பப் பாடசாலையில் செய்த ஆய்வை வெளியிட்டார்கள். சில பிள்ளைகளின் பெயரை ஆசிரியர்களிடம் கொடுத்து, ‘இவர்கள் இந்த வருஷம் திடீரென்று முன்னேறப் போகிறார்கள், பரீட்சை வைத்துக் கண்டுபிடித்தோம்’ என்றார்கள். உண்மையில் சீட்டுக் குலுக்குவது போலத்தான் அந்தப் பெயர்களை எடுத்திருந்தார்கள். வருஷ முடிவில் பார்த்தால், கீழ் வகுப்புகளில் அந்தப் பிள்ளைகள் மற்றவர்களைவிடக் கூடுதலாக முன்னேறியிருந்தார்கள். இந்த ஆய்வைப் பற்றிப் பிறகு நிறைய வாதம் நடந்தது. அவ்வளவு பெரிய மாற்றம் வராது என்று சொன்ன ஆராய்ச்சியாளர்கள் உண்டு, அவர்கள் சொன்னதிலும் விஷயம் இருக்கிறது. ஆனால் ஆசிரியர் எதிர்பார்ப்பது பிள்ளை மேல் கொஞ்சமாவது படிகிறது என்பதைப் பெரும்பாலோர் ஒப்புக்கொள்கிறார்கள்.

எதிர்பார்ப்பு எப்படிப் படியும்? மந்திரம் ஒன்றும் இல்லை. படிக்கும் என்று நினைக்கிற பிள்ளையிடம் ஆசிரியர் கேள்வி கேட்டால் பதிலுக்குக் கொஞ்ச நேரம் காத்திருப்பார். படிக்காது என்று நினைக்கிற பிள்ளையிடம் காத்திருக்க மாட்டார். அடுத்த பிள்ளைக்குப் போய்விடுவார். அந்தக் கொஞ்ச நேரம்தான், தினம் பத்து முறை, வருஷம் முழுக்க. வீட்டிலும் இதுதான். மகன் புத்தகத்தோடு உட்கார்ந்தால் மண்ணெண்ணெய் விளக்குக் காலத்திலிருந்தே அவன் பக்கம் விளக்கைத் தள்ளி வைக்கிறோம். மகள் புத்தகத்தோடு உட்கார்ந்தால் ‘அடுப்புல என்ன இருக்கு பாரு’ என்கிறோம். ஓ.எல். முடிவு வந்த பிறகு, ‘பாத்தீங்களா, பொட்டப் புள்ளைக்குப் படிப்பு ஏறாதுன்னு சொன்னேனே’ என்று நாமே சாட்சியும் சொல்கிறோம்.

தன்னைப் பற்றித் தானே வைத்திருக்கிற அச்சு எல்லாவற்றிலும் கனமானது. ‘நாம தோட்டத்து ஆளுங்கதானே’ என்று சொல்லும்போது அந்தத் ‘தானே’ என்ன வேலை செய்கிறது என்று கவனியுங்கள்.

இப்போது ஆஸ்பத்திரிக்கு வருவோம். இன்று பேசவந்ததற்கு முக்கியக் காரணமே இதுதான்.

நீரிழிவு வியாதி உள்ள ஒரு தாய். வயது ஐம்பதைத் தாண்டியவர். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் கிளினிக்கில் மாத்திரை கொடுத்து, தினம் காலையும் இரவும் சாப்பாட்டுக்குப் பிறகு போட வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். சிங்களத்தில் சொன்னார்கள், பாதியைக் கையால் காட்டினார்கள். ‘விளங்கிச்சா?’ என்று கேட்டதற்கு, ‘சரிங்க ஐயா, சரிங்க ஐயா’ என்று தலையாட்டிவிட்டு வந்தார். வீட்டுக்கு வந்து, தலைசுற்று வந்த நாளில் மட்டும் ஒன்று போட்டார். தலைவலி மாத்திரையை அப்படித்தானே போடுவோம்? மாத்திரை என்றால் நோகும்போது போடுவது என்பது அவருடைய அச்சு. நாங்கள் போன அன்று மூன்று மாத மாத்திரை பிஸ்கட் டின்னுக்குள் பத்திரமாக இருந்தது. காலில் புண் வந்த பிறகுதான் விஷயம் வெளியில் தெரிந்தது. டாக்டர் மனதிலும் ஒரு அச்சு இருந்தது. ‘சரி’ என்று சொன்னால் விளங்கிவிட்டது என்று அர்த்தம். நம்ம ‘சரிங்க ஐயா’வுக்கு அந்த அர்த்தமே கிடையாது என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

அந்தச் ‘சரிங்க ஐயா’ பெரட்டுக் களத்தில் பிறந்தது. அங்கே ‘ஏன்’ என்று கேட்டால் அன்றைய பேர் போய்விடும் காலம் ஒன்று இருந்தது. வெள்ளைச் சட்டைக்கு முன்னால் நின்றால் வாய் தானாக அதைச் சொல்லிவிடுகிறது. டாக்டர் துரை இல்லை. அவர் நாம் கேட்பதற்காகவே உட்கார்ந்திருக்கிறவர், ஆனால் கேட்காவிட்டால் அடுத்த நோயாளியைக் கூப்பிடுவார், வரிசை நீளம்.

ஆகவே கிளினிக்குக்குப் போகிறபோது ஒரு காரியம் செய்யுங்கள். ‘சரி’ என்று சொல்வதற்குப் பதிலாக, சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்கள். ‘காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, சாப்பிட்ட பொறகு, நோவு இல்லாட்டியும் போடணும், அப்படித்தானுங்களா?’ பிழையாக இருந்தால் அந்த இடத்திலேயே திருத்துவார்கள். மொழி போதவில்லை என்றால் பாடசாலை போகிற பிள்ளையைக் கூட்டிப்போகிறோம். அது பரவாயில்லை, ஆனால் பொம்பளை நோயை மகன் வாயால் சொல்ல வைக்காதீர்கள். மகனும் சொல்ல மாட்டான், தாயும் சொல்ல மாட்டார், டாக்டர் வயிற்றுவலி என்று எழுதுவார். மருத்துவிச்சியையோ தோட்டத்து நலன்புரி உத்தியோகத்தரையோ முதலே கண்டு, என்ன வருத்தம் என்று சிங்களத்தில் ஒரு துண்டில் எழுதி வாங்கிக்கொண்டு போங்கள்.

கந்தோர்களுக்குப் போகிறபோதும் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். 1987இல் அரசியலமைப்புக்கு வந்த 13ஆம் திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழி. சிங்களத்தில் நிர்வாகம் நடக்கிற இடத்திலும், நாம் அரசாங்கக் கந்தோருக்குத் தமிழில் எழுதலாம், தமிழில் பதில் கேட்கலாம் என்று அரசியலமைப்பிலேயே இருக்கிறது. கண்டியிலும் அப்படித்தான். அங்கே தமிழ் தெரிந்தவர் அன்றைக்கு இல்லாமல் இருக்கலாம், அது வேறு விஷயம். தமிழில் கடிதம் கொடுத்தவர் சண்டைக்காரர் அல்ல, சட்டத்தில் உள்ளதைச் செய்தவர். பெயர் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். தமிழ்ப் பெயரைக் காதால் கேட்டுச் சிங்கள எழுத்தில் எழுதும்போது, எழுதுகிறவர் தமக்குப் பழக்கமான பெயராகவே அதைக் கேட்பார். பார்ட்லட் சோதனையில் ஓடம் படகானது போலத்தான். ஆகவே வாயால் சொல்லாமல் எழுதிக் கொடுங்கள். பிறப்புச் சாட்சிப் பத்திரத்தில் ஒன்றும் அடையாள அட்டையில் ஒன்றுமாகப் பெயர் இருந்தால், சேமலாப நிதி எடுக்கிற வயதில் அந்த ஒரு எழுத்துக்காக எத்தனை நடை நடக்க வேண்டியிருக்கிறது என்று இங்கே அனுபவப்பட்டவர்கள் சொல்வார்கள்.

நேரமாகிவிட்டது, தேத்தண்ணியும் வந்துவிட்டது போலிருக்கிறது. குடிப்பதற்கு முன் ஒரு விளையாட்டு. பத்துப் பேர் எழும்பி வாங்க. ஐந்து பேர் ஆம்பளை, ஐந்து பேர் பொம்பளை, மேட்டு லயமும் பள்ளத்து லயமும் கலந்து நில்லுங்க. நாங்கள் எழுதிவைத்திருக்கிற ஆறு வரிச் செய்தியொன்றை முதல் ஆள் காதில் மட்டும் ஒருமுறை வாசிப்போம். அவர் அடுத்தவர் காதில் சொல்லட்டும். கடைசி ஆள் கேட்டதைச் சத்தமாகச் சொல்லட்டும், பிறகு காகிதத்தை வாசித்துப் பார்ப்போம். பிள்ளை மடுவத்து அக்கா, நீங்க முதல்ல வாங்க.